எடுத்த கை கீழே வைக்காத பிரவுச்சர்: வெற்றுத் தாளிலிருந்து அச்சகம் வரை

ஒரு பிரவுச்சரை யாரிடமாவது கொடுத்துவிட்டு அவர் கையைக் கவனியுங்கள். முன்பக்கத்தை ஒரு கணம் பார்ப்பார். உடனே திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். அப்புறம்தான் பிரிப்பார், அதுவும் பிரித்தால் உண்டு. பிரித்த பிறகும் முதல் வரியிலிருந்து ஒழுங்காகப் படிப்பவர்கள் குறைவு. படம், பெரிய எழுத்து, எண் எங்கே இருக்கிறதோ அங்கே கண் போகும். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அதற்குள் அது பைக்குள் போகிறதா, மேசையிலேயே கிடக்கிறதா என்பது முடிவாகிவிடும்.

பிரவுச்சரை உருவாக்குபவர் இதில் எதையும் பார்ப்பதில்லை. அவர் முன்னால் திரையில் இருப்பவை இரண்டு தட்டையான செவ்வகங்கள், தாளின் ஒரு பக்கமும் மறுபக்கமும். அந்தச் செவ்வகத்தை அழகாக்கிவிட்டு, இன்னும் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று பளபளப்பையும் தங்க நிற எழுத்தையும் சேர்ப்பார்கள். பல ஆண்டுகளாகச் சிறு தொழில்களுக்கு இந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கையில் எப்படித் திறக்கும், எது முதலில் தெரியும், படித்தவர் அதை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யோசித்துச் செய்த பிரவுச்சர், சாதாரணத் தாளில் அச்சிட்டாலும் தனியாகத் தெரியும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் கணினி நான்காவது படியில் வருகிறது.

பேசுவதற்கு வசதியாக, வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு பொருத்தித் தரும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் தொழில் வேறாக இருந்தால் அந்த இடத்தில் அதை வைத்துப் படியுங்கள்.

படி 1: யார் கையில், எந்த இடத்தில்?

பிரவுச்சர் வாசகரிடம் போய்ச் சேரும் இடம் அதன் அளவையும் அட்டையையும் பாதிக்கு மேல் தீர்மானித்துவிடும்.

வரவேற்பறைத் தாங்கியில் அடுக்கி வைக்கப் போகிறீர்கள் என்றால், கீழ்ப்பகுதியைத் தாங்கி மறைத்துவிடும். கண்ணுக்குத் தெரிவது அட்டையின் மேல் மூன்றில் ஒரு பங்குதான். சொல்ல வேண்டியது அங்கே இருக்க வேண்டும். அட்டை முழுக்க அழகான படம், அடியில் தலைப்பு என்று வைத்தால், தாங்கியில் தெரிவது வெறும் வானம். கண்காட்சியில் கொடுப்பதாக இருந்தால், அன்று அவர் பையில் சேரும் இன்னும் பல தாள்களோடு உங்களுடையது போட்டி போட வேண்டும். அங்கே வித்தியாசமான அளவும் தாளின் கனமும் உதவும். நேரில் பேசி முடித்துக் கையில் கொடுப்பது இன்னொரு வகை. ஆளை ஏற்கெனவே சந்தித்துவிட்டார், அறிமுகம் தேவையில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடமோ கணவரிடமோ விளக்க அவருக்கு விவரம் வேண்டும். தபாலில் போவதென்றால் உறையின் அளவும் எடையும் கணக்கில் வரும்.

இடம் முடிவானதும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "இதைப் படித்தவர் அடுத்து இதைச் செய்ய வேண்டும்." நம் நிறுவனத்துக்கு அது "கூரையைப் பார்த்துச் சொல்ல ஆள் அனுப்பச் சொல்லி அழைக்க வேண்டும்" என்று இருக்கலாம். அந்த வாக்கியத்தில் "மேலும்", "அதோடு" என்றெல்லாம் சேர்க்கத் தோன்றினால் உங்களுக்குத் தேவை இரண்டு பிரவுச்சர்கள். வீட்டுக்காரருக்கும் தொழிற்சாலை மேலாளருக்கும் ஒரே பிரவுச்சர் அடித்துச் செலவை மிச்சப்படுத்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இருவருமே அது தனக்கானது இல்லை என்று நினைத்துக் கீழே வைத்துவிடுவார்கள்.

படி 2: ஒரு தாளை எடுத்து மடியுங்கள்

இது விளையாட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். அச்சுத் தொழிலில் இந்த மாதிரித் தாளை 'டம்மி' என்பார்கள்.

ஒரு ஏ4 தாளை, அதாவது 297-க்கு 210 மி.மீ., படுக்கை வாட்டில் வைத்து மூன்றாக மடியுங்கள். எல்லோருக்கும் தெரிந்த ஆறு பக்க பிரவுச்சர் கிடைக்கும். ஒரு மடிப்பு உள்ளே போய் மூடிக்கொள்ளும் வகை இது. உள்ளே போகும் பகுதி மற்ற இரண்டைவிட 2, 3 மி.மீ. குறுகலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் இடித்து மடங்கிக்கொள்ளும். 100, 100, 97 என்று பிரிப்பது வழக்கம். இங்கேதான் பலர் சறுக்குவார்கள். தாளின் உள்பக்கத்தில் இடமிருந்து வலமாக 100, 100, 97 என்றால், வெளிப்பக்கத்தில் அது 97, 100, 100. வெளிப்பக்கத்தின் இடது கோடியில் உள்மடிப்பு, நடுவில் பின்னட்டை, வலது கோடியில் முன்னட்டை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவைப் போட்டுவிட்டால் மடிப்பு எழுத்தின் மேல் விழும்.

மடித்த தாளைக் கையில் பிடித்து, வாசகரைப் போல மெதுவாகத் திறங்கள். முன்னட்டையைப் புரட்டியதும் என்ன தெரிகிறது? இடப்பக்கம் அட்டையின் உள்முகம். வலப்பக்கம் இன்னும் திறக்காத உள்மடிப்பின் வெளிமுகம். அருகருகே தெரியும் இந்த இரண்டும் தாளின் வெவ்வேறு பக்கங்களைச் சேர்ந்தவை, திரையில் ஒருபோதும் சேர்ந்து தெரியாதவை. வடிவமைப்பவர் அவற்றைத் தனித்தனியாகச் செய்கிறார், வாசகர் ஒரே காட்சியாகப் பார்க்கிறார். ஒரு பக்கம் பாதியில் நிற்கும் பட்டியல், மறுபக்கம் மிச்சம் மீதியெல்லாம் கொட்டிய கட்டம் என்று இருக்கும் பிரவுச்சர்கள் பிறப்பது இப்படித்தான்.

அந்த உள்மடிப்புதான் மொத்த பிரவுச்சரிலும் வீணாகும் இடம். அட்டையைத் திறந்ததும் கண்ணில் படும் முதல் பக்கம் அது. அங்கே "எங்கள் நோக்கம், எங்கள் தொலைநோக்கு" என்று போடுகிறார்கள். மாறாக, அட்டையில் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதிலை அங்கே வையுங்கள். மீதிக்கு அவரே மடிப்பைத் திறப்பார்.

மற்ற மடிப்புகளையும் செய்து பாருங்கள். இசட் வடிவ மடிப்பில் மூன்று பகுதியும் சமமாக, 99 மி.மீ. வீதம் இருக்கும். அது வரிசையாகச் சொல்லும் விஷயத்துக்குப் பொருந்தும்: முதலில் இது, பிறகு இது. கதவு போல இரு பக்கமும் திறக்கும் மடிப்பு, முன்னும் பின்னும் காட்ட அருமையானது. மூடிய கதவில் பழைய கூரை, திறந்தால் உள்ளே தகடு பொருத்திய கூரை. ஆனால் எல்லா மடிப்பு இயந்திரமும் இதைச் செய்யாது, கையால் மடிக்க வேண்டி வரலாம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஒரே மடிப்பு என்றால் நான்கு பக்கம். எளிமையானது, பெரிய படங்களுக்கு நல்லது. பின் அடித்த புத்தகமாகச் செய்வதென்றால் பக்கங்களின் எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 8 அல்லது 12. பத்துப் பக்கத்துக்கு விஷயம் வைத்திருப்பவர் இரண்டு பக்கத்தைக் குறைக்க வேண்டும், அல்லது கூட்ட வேண்டும். குறைப்பது நல்லது.

சரி, மடிப்பு முடிவாயிற்று. டம்மியின் ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதுங்கள், அந்தப் பக்கத்தின் வேலை என்ன என்று. எழுத முடியாத பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் தேவையில்லை. காலியாக விடலாம், அல்லது சின்ன அளவுக்குப் போகலாம்.

படி 3: எழுத்து

அட்டையில் நிறுவனத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. அந்த வரியை உங்கள் போட்டியாளரின் பிரவுச்சரில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அது உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

நல்ல அட்டை வரி எங்கே கிடைக்கும்? வாடிக்கையாளரின் வாயில்தான். தொலைபேசியை எடுக்கும் ஊழியரிடம் போய், "அழைப்பவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள்?" என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நம் சூரிய மின்தகடு நிறுவனத்தில் இப்படி வரலாம்: "எங்க கூரை தாங்குமா?", "மழைக்காலத்துல கரண்ட் வருமா?", "ஓட்டை போட்டா ஒழுகாதா?" மூன்றாவது கேள்வியைப் பாருங்கள். விற்பவருக்கு அது சில்லறை விஷயம். வீட்டுக்காரருக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுப்பது. "கூரையில் துளை போட்டால் ஒழுகுமா?" என்று அட்டையில் பெரிதாகக் கேட்கும் பிரவுச்சரை, அந்தக் கவலை உள்ளவர் எடுக்காமல் போகமாட்டார். கேட்டுவிட்டு உள்ளே மழுப்பக் கூடாது. எப்படித் துளையிடுகிறீர்கள், எதை வைத்து அடைக்கிறீர்கள், ஒழுகினால் யார் பொறுப்பு என்பதை நேராகச் சொல்ல வேண்டும்.

உள்ளே எழுதும்போது நான் பின்பற்றும் வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பெருமைச் சொல்லையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் சரிபார்க்கக்கூடிய ஒன்றை வைப்பேன். "விரைவான சேவை" போய் "அழைத்த 2 நாளில் ஆள் வருவார்" வரும். "அனுபவம் வாய்ந்த குழு" போய், கூரைக்கு ஏறப்போகும் அந்த நான்கு பேரின் படம் வரும். வைக்க எதுவும் இல்லாவிட்டால் அந்த வரியே வேண்டாம். இப்படி அடித்தால் பாதி எழுத்து குறைந்துவிடும், பயப்படாதீர்கள். ஏ4-இன் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள பக்கத்தில் தமிழில் எழுபது, எண்பது சொல்லுக்கு மேல் போனாலே நெரிசல்தான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கில வாசகத்தை வைத்து இடம் ஒதுக்கிவிட்டு, அப்புறம் தமிழை அதற்குள் அடைக்கப் பார்த்தால் எழுத்து எறும்பு அளவுக்கு வந்து நிற்கும்.

"மேலும் விவரங்களுக்குத் தொடர்பு கொள்ளவும்" என்ற வரியை எல்லோரும் போடுகிறார்கள். யாரும் அதைப் பார்த்து அழைப்பதில்லை. அழைத்தால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை எடுப்பீர்கள், கூரையைப் பார்க்க வரக் கட்டணம் உண்டா, பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும், எழுத்தில் மதிப்பீடு தருவீர்களா. அழைக்கத் தயங்குபவரின் தயக்கம் பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. பிரவுச்சரில் ஒரு பக்கத்தை விற்பனைக்கு இல்லாமல், வாசகரின் உபயோகத்துக்கு விட்டுவிடுங்கள். படித்ததும் தூக்கி எறிய மனம் வராதபடி அதில் ஏதாவது இருக்க வேண்டும். நம் நிறுவனம் "தகடு பொருத்தும் எவரிடமும் கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகள்" என்று ஒரு பட்டியல் தரலாம். எவரிடமும் என்பதுதான் முக்கியம். போட்டியாளரைச் சந்திக்கும்போதும் உங்கள் பிரவுச்சர் அவர் கையில் இருக்கும்! பல் மருத்துவமனை என்றால் குழந்தைக்கு எந்த வயதில் எந்தப் பல் முளைக்கும் என்ற அட்டவணை. தையல் வகுப்பு என்றால் அளவு எடுக்கும் குறிப்பு. பெயின்ட் கடை என்றால் சுவரின் நீள அகலத்தை வைத்து எத்தனை லிட்டர் என்று பார்க்கும் கட்டம். ஓரத்தில் அளவுகோல் அச்சிடுவதும் நல்ல யோசனைதான். ஆனால் கோப்பை அச்சிடும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற அமைப்பு எங்காவது இருந்தால் உங்கள் அளவுகோல் பொய் சொல்லும். அச்சானதும் நிஜ அளவுகோலை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

படி 4: வடிவமைப்பு

இப்போது கணினியைத் திறக்கலாம்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றே ஒன்று பெரியதாக இருக்கட்டும். படமோ, ஒரு வரியோ, ஓர் எண்ணோ. மற்றதெல்லாம் அதற்குக் கீழே. வாடிக்கையாளர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது "இதையும் கொஞ்சம் பெரிசாக்குங்க" என்பதுதான். எல்லாவற்றையும் பெரிதாக்கினால் எதுவும் பெரியதாகத் தெரியாது. சந்தையில் எல்லோரும் கத்துவதைப் போல ஆகிவிடும். காலி இடத்தைப் பார்த்துக் கை அரிக்கும்போது, உங்கள் பிரவுச்சரோடு தாங்கியில் நிற்கப்போகும் மற்றவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அவை நிரம்பி வழியும்.

எழுத்துரு இரண்டு போதும், தலைப்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று. தமிழுக்குச் சில தனிக் கவனங்கள் உண்டு. 'கி', 'கீ' போன்றவற்றில் குறி மேலே வளைகிறது, 'கு', 'கூ', 'ழு' போன்றவற்றில் கீழே இறங்குகிறது. ஆங்கிலத்துக்குப் பழகிய வரி இடைவெளியை அப்படியே விட்டால் மேல் வரியின் கொக்கியும் கீழ் வரியின் சுழியும் மோதிக்கொள்ளும். இடைவெளியைக் கூட்டுங்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் தமிழ் எழுத்து சிதறித் தெரிந்தால், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'கொ' என்று அடித்தது 'க', 'ெ', 'ா' என்று பிரிந்து நிற்பதைக் கவனிக்காமல் அச்சுக்கு அனுப்பியவர்கள் உண்டு. இன்னொன்று: ஆங்கிலத்தில் தலைப்பை எடுப்பாகக் காட்டப் பெரிய எழுத்து வரிசை இருக்கிறது, தமிழில் அது இல்லை. அதனால் அளவு, தடிமன், சுற்றியுள்ள வெற்றிடம் ஆகியவற்றை வைத்துத்தான் தலைப்பு நிற்க வேண்டும்.

படங்களுக்கு வருவோம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பொதுவான அளவு. கணக்கு எளிது: 1200 புள்ளி அகலமுள்ள படம், தாளில் 4 அங்குலம், அதாவது சுமார் 10 செ.மீ. வரைதான் தெளிவாக வரும். ஏ4 முழுக்க நிரப்ப 2480-க்கு 3508 புள்ளி வேண்டும். இணையதளத்திலிருந்து எடுத்த லோகோ திரையில் பளிச்சென்று இருக்கும், தாளில் மங்கலாகிவிடும். லோகோவுக்கு வெக்டர் கோப்பை, அதாவது புள்ளிகளால் இல்லாமல் கோடுகளால் ஆன கோப்பை, தேடிப் பிடியுங்கள், அது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

விலைக்கு வாங்கும் பொதுப் படங்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. சூட் அணிந்து கைகுலுக்கும் அந்த இருவரையும், தலையில் ஹெட்செட் மாட்டிச் சிரிக்கும் அந்தப் பெண்ணையும் நாம் ஆயிரம் இடத்தில் பார்த்துவிட்டோம். உங்கள் ஊழியர் கூரையில் முழங்காலிட்டுத் திருகு முடுக்குவதை, காலை வெயிலில், நல்ல கைபேசியில் எடுத்த படம் அதைவிட நூறு மடங்கு மேல். வெளிச்சம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

நிறம்தான் அதிகம் ஏமாற்றுவது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, சிவப்பு, பச்சை, நீலம் கலந்து. அச்சகம் மையால் காட்டுகிறது, சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு கலந்து. திரையில் கண்ணைப் பறிக்கும் இளம்பச்சையும் ஆரஞ்சும் மின்னும் நீலமும் நான்கு மைகளுக்குள் அடங்காதவை, தாளில் வாடிப்போய் வரும். எனவே முதல் நாளிலிருந்தே சிஎம்ஒய்கே என்ற இந்த நான்கு மை முறையில் வேலை செய்யுங்கள். கடைசி நிமிடத்தில் மாற்றினால் அதிர்ச்சிதான். அடர்நீலத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை: சயானும் மெஜந்தாவும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நீலம் ஊதாவாக வரும். மெஜந்தா, சயானைவிட 30 சதவீதப் புள்ளிகளாவது குறைவாக இருக்கட்டும். உங்கள் லோகோவின் நிறம் இம்மியும் மாறக் கூடாது என்றால், பான்டோன் எண் (தயார் நிறங்களின் பொதுப் பட்டியலில் உள்ள எண்) கொடுத்து அந்த மையைத் தனியாகவே போடச் சொல்லலாம். செலவு கூடும்.

சிறிய எழுத்துகளைக் கருப்பு மையில் மட்டும் அச்சிடுங்கள். நான்கு மைகளையும் கலந்து கருப்பாக்கிய எழுத்தில், அச்சுத் தகடு ஒரு நூலிழை நகர்ந்தாலும் ஓரத்தில் வண்ண நிழல் தட்டும். கருமையான பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்துகளும் இதே போலத்தான், மை பரவி எழுத்தின் சுழிகளை மூடிவிடும். அப்படித்தான் வேண்டும் என்றால் தடித்த எழுத்தாக, கொஞ்சம் பெரிதாக வையுங்கள்.

படி 5: கியூஆர் குறியீடு வைப்பதானால்

குறியீட்டுக்குள் வைக்கும் முகவரி சிறியதாக இருக்கட்டும். முகவரி நீண்டால் கட்டங்கள் பொடியாகி, கைபேசி படிக்கத் திணறும். குறைந்தது 2 செ.மீ. அளவு, சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம், வெளிர் பின்னணியில் அடர் நிறம். மடிப்புக் கோட்டின் மேல் வைக்கவே கூடாது. 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் இதை வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக உருவாக்கியபோது, கொஞ்சம் அழுக்குப் பட்டாலும் படிக்கும்படி பிழைதிருத்தத்தையும் சேர்த்தது. உச்ச நிலையில் சுமார் 30 சதவீதம் வரை மறைந்தாலும் படிக்கும். அந்தத் தைரியத்தில்தான் நடுவில் லோகோ வைக்கிறார்கள். வைக்கலாம், ஆனால் அந்த உச்ச நிலையைத் தேர்ந்தெடுத்து, பழைய கைபேசி ஒன்றிலும் சோதித்துவிட்டு வையுங்கள்.

குறியீடு உங்கள் சொந்தத் தளத்தின் ஒரு பக்கத்துக்குப் போகட்டும். இலவசச் சேவையின் குறுமுகவரி ஒரு நாள் நின்றுபோனால் அச்சிட்ட தாள் அத்தனையும் செத்துவிடும். அப்புறம், "ஸ்கேன் செய்யவும்" என்று மட்டும் எழுதாமல், செய்தால் என்ன பார்க்கலாம் என்று எழுதுங்கள்.

படி 6: தாளும் மெருகும்

அலுவலகத்தில் நகலெடுக்கும் தாள் பெரும்பாலும் 70, 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் இத்தனை கிராம் என்ற கணக்கு. மூன்று மடிப்பு பிரவுச்சருக்கு 130 முதல் 170 வரை சரியாக இருக்கும். ஒற்றை மடிப்புக்கும் புத்தக அட்டைக்கும் 250, 300 வரை போகலாம். கனம் கூடக் கூடத் தரம் கூடும் என்று நினைத்து மூன்று மடிப்பை 300-இல் அடித்தால், அது மடிந்து படுக்காமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

ஆர்ட் பேப்பர், அதாவது வழவழப்பான பூச்சுள்ள தாள், படங்களுக்கு நல்லது. பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சி நிறத்தை மென்மையாக்கும், ஆனால் தொட்டால் ஒரு நெருக்கம் தெரியும், முக்கியமாகப் பேனாவால் எழுத வரும். தேதி குறிக்கவோ குறிப்பெழுதவோ இடம் விட்டிருக்கிறீர்கள் என்றால் பளபளப்பு லேமினேஷன் உங்கள் எதிரி.

170 ஜிஎஸ்எம்முக்குப் பக்கத்தில் வந்துவிட்டாலே, மடிக்கும் முன் கிரீசிங் போடச் சொல்லுங்கள், மடிப்புக் கோட்டை முன்பே அழுத்திப் பள்ளமாக்குவது அது. அது இல்லாமல் மடித்தால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். டிஜிட்டல் அச்சில் டோனர் என்ற மைத்தூள் தாளின் மேலேயே படிந்திருப்பதால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். தாளுக்கு நார் வாட்டம் உண்டு, அந்த வாட்டத்திலேயே மடிப்பு வந்தால் சுத்தமாக விழும். சந்தேகம் இருந்தால் ஒரு தாளைக் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழியும் திசைதான் நார் வாட்டம். வடிவமைப்பிலும் ஒரு முன்ஜாக்கிரதை: மிகச்சரியாக மடிப்புக் கோட்டில் நிறம் மாறும்படி வைக்காதீர்கள். மடிப்பு ஒரு மி.மீ. நகர்ந்தாலும் பக்கத்து நிறம் எட்டிப் பார்க்கும்.

மெருகு வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றே ஒன்றை. மேட் லேமினேஷன் மேல் ஸ்பாட் யூவி (குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பளபளப்புப் பூச்சு) போட்டால், விரல் தடவும்போது மட்டும் வித்தியாசம் தெரியும் அடக்கமான அழகு கிடைக்கும். நம் பிரவுச்சரில் கூரை முழுக்க மேட்டாக இருந்து, தகடு மட்டும் யூவியில் பளபளத்தால் அதற்கு ஓர் அர்த்தமும் இருக்கிறது. எம்போசிங் செய்தால், அதாவது எழுத்தையோ படத்தையோ புடைப்பாக எழுப்பினால், அட்டையின் மறுபக்கத்தில் பள்ளம் விழும். உள்ளே அந்த இடத்தில் எழுத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் செய்த தாள் சுருளும் பழக்கம் உள்ளது. டை கட்டிங்கில் அட்டையில் ஒரு துளை வெட்டி, உள்மடிப்பில் இருக்கும் படத்தின் ஒரு துண்டு அதன் வழியே தெரியும்படி செய்யலாம். அதைச் சரியாகச் செய்ய டம்மி இல்லாமல் முடியவே முடியாது.

படி 7: கோப்பு அச்சகத்துக்குப் போகும் முன்

நிறமோ படமோ தாளின் ஓரம் வரை போகிறது என்றால், வெட்டும் கோட்டைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. நீட்டி வையுங்கள். ஏ4 கோப்பு 303-க்கு 216 ஆகும். எழுத்தையும் லோகோவையும் வெட்டுக் கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருக்களை உள்ளடக்கச் சொல்லுங்கள், தமிழ் எழுத்தைக் கோட்டுருவாக, அதாவது வெறும் வடிவமாக, மாற்றிவிட்டால் இன்னும் நிம்மதி. மாற்றாத மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மாற்றியதில் பிறகு திருத்த முடியாது.

சில நூறு பிரதி என்றால் டிஜிட்டல். ஆயிரங்களுக்குப் போகும்போது ஆஃப்செட், அதாவது பிளேட் செய்து அச்சிடும் முறை, மலிவாகும், ஏனென்றால் பிளேட் செய்யும் செலவு ஒரு தடவைதான். இரண்டும் சந்திக்கும் எண்ணிக்கை அச்சகத்துக்கு அச்சகம் மாறும், இரண்டுக்கும் மதிப்பீடு கேளுங்கள்.

புரூஃபை, அதாவது முழு அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரியை, திரையில் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். இரண்டு பக்கமும் அச்சிட்டு, வெட்டி, மடித்துப் பாருங்கள். தொடக்க காலத்தில் நான் ஒரு வேலையைத் திரையிலேயே பார்த்து அனுப்பினேன். வந்த 2000 பிரதியிலும் உள்பக்கம் தலைகீழாக இருந்தது. தாளை எந்த வாட்டில் புரட்டி மறுபக்கம் அடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அச்சகத்தார் கேட்கவில்லை. ஒரு டம்மியை மடித்துக் கோப்போடு கொடுத்திருந்தால் நடந்திருக்காது. அன்றிலிருந்து டம்மி இல்லாமல் எந்த வேலையையும் அனுப்புவதில்லை.

புரூஃப் திருத்தும்போது கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். கதையோட்டம் அறுந்துவிடுவதால் எழுத்துப்பிழை கண்ணில் படும். தொலைபேசி எண்ணைக் கண்ணால் பார்த்தால் போதாது, தாளைப் பார்த்து அழுத்தி அழைத்தே தீர வேண்டும். பெரிய தலைப்புகளை இரண்டு தடவை பாருங்கள். பொடி எழுத்தில் பிழை தேடும் நாம், தலைப்பு சரியாகத்தான் இருக்கும் என்று தாண்டிவிடுவோம்.

படி 8: முதலில் கொஞ்சம் அடித்து, கொடுத்துப் பாருங்கள்

ஐம்பது பிரதியை டிஜிட்டலில் அடித்து, உங்களைத் தெரியாத சிலரிடம் கொடுங்கள். விளக்க வேண்டாம், வாயைத் திறக்காமல் கையை மட்டும் கவனியுங்கள். எங்கே திறக்கிறார், எங்கே நிற்கிறார், எந்தப் பக்கத்தைத் தாண்டுகிறார். ஒரு நிமிடம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இவர்கள் என்ன செய்கிறார்கள், உங்களை என்ன செய்யச் சொல்கிறார்கள்?" என்று கேளுங்கள். படி 1-இல் எழுதிய வாக்கியத்துக்குப் பக்கத்திலாவது பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் மெருகைக் கூட்டிப் பயனில்லை, படி 3-க்குத் திரும்ப வேண்டியதுதான்.

முழு எண்ணிக்கை அடிக்கும்போது, கண்காட்சிக்கும் வரவேற்பறைக்கும் தபாலுக்கும் போகும் பிரதிகளில் ஒரு சின்ன வித்தியாசம் வையுங்கள். வெவ்வேறு கியூஆர் முகவரியோ, அழைக்கும்போது சொல்ல வேண்டிய ஒரு குறிச்சொல்லோ போதும். எந்த இடத்திலிருந்து அழைப்பு வருகிறது என்று சில மாதத்தில் தெரிந்துவிடும்.

அச்சாகி வந்த கட்டில் ஒரு பிரதியை எடுத்து "திருத்தம்" என்று மேலே எழுதி, தொலைபேசி எடுப்பவரின் மேசையில் வைத்துவிடுங்கள். பிரவுச்சரைப் பார்த்து அழைப்பவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும், அது எந்தப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டுமோ அந்தப் பக்கத்திலேயே அவர் பேனாவால் குறித்து வைக்கட்டும். அடுத்த அச்சுக்கு அதுதான் உங்கள் டம்மி.